எப்போதிலிருந்து என்று முதலில் கேளுங்கள்

என் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. பால் குடித்தால் வயிறு உப்பிக்கொண்டது, தண்ணீராகப் போனாள். ‘இவள் உடம்புக்குப் பால் ஆகாது’ என்று வீட்டில் முடிவு செய்து டம்ளர் பாலை நிறுத்தினோம். நிற்கவில்லை. அடுத்து முட்டை மேல் சந்தேகம், பிறகு கோதுமை, அப்புறம் நிலக்கடலை. நிறுத்தச் சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. எப்போது திரும்பக் கொடுப்பது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. ஒரே மாதத்தில் முக்கால் கிலோ எடை போய்விட்டது. பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்குக் குத்திவிட்டேன். அந்த ஊக்கை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

இதற்கிடையில் ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுத்து, 200 உணவுகளில் எதெது ஆகாது என்று பட்டியல் தருவதாகச் சொன்னார்கள். கொடுத்தும்விட்டோம். அரிசியும் வாழைப்பழமும்கூடச் சிவப்பில் வந்தன! அவர்கள் பார்த்தது ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதம். ஓர் உணவைச் சாப்பிட்டுப் பழகிய யார் உடம்பிலும் அது இருக்கும். இதை வைத்து உணவை விலக்கக் கூடாது என்று அமெரிக்க, ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவ அமைப்புகள் தெளிவாகவே சொல்லியிருக்கின்றன. பயந்து நிற்கும் பெற்றோரிடம் இதை விற்பது அநியாயம்.

கடைசியில் பார்த்த குழந்தை மருத்துவர் அந்தப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, “எப்போதிலிருந்து?” என்று கேட்டார். போன மாதத்திலிருந்து என்றேன். “அதற்கு முன் பால் குடித்தாளா?” தினமும் இரண்டு வேளை, ஒரு தொந்தரவும் இல்லை. “இடையில் என்ன நடந்தது?” அப்போதுதான் எனக்கே உறைத்தது. அதற்குச் சற்று முன்புதான் ஐந்து நாள் வாந்தியும் பேதியுமாகக் கிடந்து எழுந்திருந்தாள்.

பாலில் உள்ள சர்க்கரை லாக்டோஸ். அதை உடைக்கும் லாக்டேஸ் நொதி, சிறுகுடலின் உட்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் நுனியில் இருக்கிறது. வாந்தி பேதியை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் போன்ற கிருமிகள் தாக்கும்போது முதலில் சிதைவது அந்த நுனிதான். உடைபடாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய் நுண்ணுயிர்களால் புளித்து, வாயுவாகவும் அமிலமாகவும் மாறுகிறது, தண்ணீரையும் இழுக்கிறது. உப்பல், புளித்த நாற்றம், ஆசனவாயைச் சுற்றிச் சிவப்பு எல்லாம் அதனால்தான். குடல் ஆறினால் நொதி திரும்பிவிடும், பெரும்பாலும் சில வாரங்களில். ஆக, புண்பட்டிருந்த குடலை விட்டுவிட்டு நாங்கள் தட்டைக் காலி செய்துகொண்டிருந்தோம்.

நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எல்லாவற்றையும் எழுதச் சொன்னார். ஒரு பக்கம் இப்படி இருந்தது: ‘மதியம் 1 மணி, தயிர்ச்சோறு, ஒன்றுமில்லை. மாலை 5, பாக்கெட் கஞ்சி. 6.30 வயிறு கல் மாதிரி. 8 மணி தண்ணீராக.’ தொந்தரவு வந்த மூன்று நாளும் அதே கஞ்சிக்குப் பிறகுதான். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால், சேர்த்த பொருட்களின் பட்டியலில் இரண்டாவதாகவே பால் பவுடர்! முட்டையும் கடலையும் வீணாகப் பழி சுமந்திருக்கின்றன. தயிரில் லாக்டோஸின் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் முன்பே தின்றுவிடுவதால் அது ஒத்துக்கொண்டது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இது ஒவ்வாமை அல்ல. ஒவ்வாமை என்பது பாலின் புரதத்தை உடலின் எதிர்ப்பு மண்டலம் எதிர்ப்பது. அதற்குத் தயிரும் ஆகாது. சாப்பிட்டதும் உதடு வீங்கினால், தடிப்பு வந்தால், மூச்சு இழுத்தால், வீட்டில் சோதித்துப் பார்க்கவே கூடாது. உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கோதுமை விஷயமும் அப்படித்தான். கோதுமையில் உள்ள புரதத்தால் சிறுகுடல் புண்படும் சீலியாக் நோய் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், ரத்தப் பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் முடிவில் தெரியாமல் போகலாம். அந்த நோய்க்குக் கோதுமைதான் காரணம் என்று காட்டியவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் டிக்கே. 1944-45 பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காதபோது அந்த நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியது. நிறுத்துவது, திரும்பக் கொடுப்பது, இரண்டையும் பார்த்தால்தான் காரணம் பிடிபடுகிறது.

நாங்களும் ஐந்தாவது வாரம் 30 மில்லி பாலில் தொடங்கினோம். நான்காம் நாள் அரை டம்ளர். அன்றைய பக்கத்தில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதும்போது கை நடுங்கியது. முட்டை, கோதுமை, கடலை எல்லாம் மூன்று மூன்று நாள் இடைவெளியில் தட்டுக்குத் திரும்பின. போன ஞாயிற்றுக்கிழமை கடலை மிட்டாய் கேட்டு அழுதாள். இரண்டு வாங்கிக் கொடுத்தேன்.