முதல் கோப்பை துறைமுகத்துக்குத்தான் போனது
மத்திய அமெரிக்க நாடான ஹோண்டுராஸின் கால்பந்து வரலாறு தெகுசிகல்பா, சான் பெட்ரோ சூலா ஆகிய இரண்டு நகரங்களுக்குள் அடங்கிவிடும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தேசிய லீக் தொடங்கிய 1965-66 பருவத்தில் கோப்பையை வென்றது யார்? கரீபியக் கரையிலுள்ள புவெர்தோ கோர்தெஸ் துறைமுகத்தின் பிளாத்தென்சே அணி. தெகுசிகல்பாவின் பெரிய அணிகளான ஒலிம்பியாவும் அல்ல, மொத்தகுவாவும் அல்ல. அது ஒருமுறை அடித்த அதிர்ஷ்டம் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் சொல்கிறார். அப்படியானால் 2001-இல் அதே அணி மீண்டும் பட்டம் வென்றதை எந்தக் கணக்கில் வைப்பது? இன்னொரு துறைமுகமான லா செய்பாவின் வீடா அணியும் 1980-களில் இரண்டு முறை வென்றிருக்கிறது. 2022-இல் பிளாத்தென்சே இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது உண்மை, எனக்கு அது பெரிய வருத்தம். அதற்காக முதல் சாம்பியனின் பெயரையே விட்டுவிட்டு வரலாறு எழுதலாமா?