லேசர் அடித்ததால் போர் வற்றியதா?

"விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சி பூமித்தட்டை அசைக்கிறார்கள், தருமபுரியில் போர் வற்றுவது அதனால்தான். அடுத்த நிலநடுக்கத் தேதியும் அவர்களுக்குத் தெரியும்" என்று ஒரு வாட்ஸ்ஆப் செய்தி சுற்றுகிறது. இரண்டும் பொய்.

லேசர் அளக்கும், அசைக்காது. 1 கி.மீ. உயரத்தில் கிளம்பிய ஒளித்துடிப்பு தரையில் பட்டுத் திரும்ப, ஒரு விநாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஏழு பங்குகூட ஆகாது. அந்த நேரத்தை வைத்துத்தான் தூரக் கணக்கு. விமானம் அப்போது எங்கே இருந்தது என்பதை ஜிபிஎஸ் சொல்லிவிடும். கிருஷ்ணகிரி மாந்தோப்பு மேல் பறந்தால் சில துடிப்புகள் இலையில் பட்டே திரும்பும்; இலை இடுக்கில் நுழைந்தவை மண்ணைத் தொடும். அதற்குக் கீழே போகாது. பாறைக்குள் பல நூறு அடி ஆழத்தில் கிடக்கும் தண்ணீரை அது என்ன செய்யும்?

சரி, நில அசைவு எப்படித் தெரிகிறது? ஒரே இடத்தை இரண்டு முறை அளந்துதான். மெக்சிகோவில் 2010 ஏப்ரலில் 7.2 அளவு நிலநடுக்கம் வந்தபின் அளந்ததை, 2006-இல் அளந்ததோடு ஒப்பிட்டார்கள். நிலம் எங்கே எவ்வளவு நகர்ந்தது என்று தெரிந்தது. நடந்து முடிந்ததைச் சொல்லும் கருவி அது. தேதி குறிக்க அதனால் முடியாது, இன்றுவரை வேறு எந்தக் கருவியாலும் முடியவில்லை.