பத்திரத்தில் எழுத முடியாத நிபந்தனை

எங்கள் ஊருணிக்கு மேற்கே ஆறு ஏக்கர் புஞ்சை, பங்காளிகள் ஐந்து பேர் பெயரில் கூட்டுப்பட்டாவாகக் கிடக்கிறது. செம்மண் சரளை, வெள்ளாமைக்குப் பெரிதாக உதவாது. ஆனால் அதில் விழும் மழைத்தண்ணீர்தான் வரத்துக்கால் வழியாக ஊருணிக்குப் போய்ச் சேர்கிறது. சென்ற ஆண்டு பக்கத்து நிலத்தில் மனை பிரித்து, சாலைக்காக இரண்டடி உயரத்துக்கு கிராவல் அடித்தார்கள். ஐப்பசி மழைக்கு மேல்படி வரை ஏறுகிற தண்ணீர் இம்முறை ஒன்பதாம் படியோடு நின்றுவிட்டது. இப்போது எங்கள் நிலத்துக்கும் விலை பேச ஆள் வருகிறார்கள்.

"யாரும் விற்கக்கூடாதென்று எழுதி வைத்துவிட்டால் என்ன?" என்று பினாங்கிலிருக்கும் பெரியப்பா மகன் கேட்டார். அப்படி எழுதி நிலத்தைக் கொடுத்தால், 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 10ஆம் பிரிவுப்படி அந்த நிபந்தனையே செல்லாது. 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்' என்று பத்திரத்தில் எழுதுகிறோமே தவிர, பௌத்திரனின் கையைக் கட்டச் சட்டம் விடுவதில்லை. ஒரு வகையில் அது நியாயமும்கூட.

அமெரிக்காவில் இதற்கு வேறொரு வழி உண்டு. உடைமையாளர் நிலத்தைக் கொடுப்பதில்லை. அதில் மனை போடும், கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் நிலப்பாதுகாப்பு அறக்கட்டளை ஒன்றுக்கோ அரசு அமைப்புக்கோ எழுதிக் கொடுத்துவிடுகிறார். உழலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு வைக்கலாம். யார் வாங்கினாலும் அந்தக் கட்டுப்பாடு நிலத்தோடேயே போகும். கைவிட்ட உரிமையின் மதிப்புக்கு வருமான வரியில் கழிவும் உண்டு. இதிலும் புரட்டு நடந்தது: கூட்டாக நிலம் வாங்கி, மதிப்பை ஊதிக்காட்டிக் கழிவு கேட்டவர்கள் பெருகியதால், போட்ட முதலின் இரண்டரை மடங்குக்கு மேல் கேட்கும் கூட்டு நிறுவனங்களுக்கு 2022இல் கடிவாளம் போட்டார்கள். கணக்குப் பார்த்தே வளர்ந்த நம் ஊருக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

அடுத்தவர் நிலத்தின் மீது வழி, தண்ணீர் போன்றவற்றுக்கு உள்ள பாத்தியத்தைச் சொல்லும் நம் வசதியுரிமைச் சட்டமும் 1882ஆம் ஆண்டினதுதான். ஆனால் அதன் 4ஆம் பிரிவின்படி, ஒரு நிலத்தின் மீதுள்ள பாத்தியம் இன்னொரு நிலத்தின் அனுபவத்துக்காகவே இருக்க வேண்டும். பக்கத்தில் நிலமில்லாத அறக்கட்டளை அதைப் பெற முடியாது. இந்த ஒரு வரியைத் திருத்தினால் போதும் என்பதே என் கருத்து. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 36சி பிரிவில், தனியார் தாமாக முன்வந்து வனவிலங்குகளுக்காகக் காக்கும் நிலத்தைச் சமுதாயக் காப்பகமாக அறிவிக்க இடமிருக்கிறது. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாமலிருக்கும் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்களைப் போன்றவர்களுக்கு அது பொருந்தலாம். ஆறு ஏக்கர் சரளைக்காட்டுக்கு எந்த அதிகாரி கோப்பு நகர்த்துவார்?

ஆகவே இருக்கிற சட்டத்துக்குள்ளேயே ஒன்றை முயல்கிறோம். ஊருணியைப் பயன்பெறும் நிலமாகக் கொண்டு, எங்கள் புஞ்சையின் மீது நீர்வரத்துப் பாத்தியத்தை ஊராட்சி பெயருக்கு எழுதிப் பதிவு செய்வதாக எண்ணம். மரங்களுக்கு அது காவலாகாது. ஆனால் நாளை வாங்குகிறவர் வில்லங்கம் போட்டுப் பார்த்தால் வரத்துக்கால் கண்ணில் படும். மூன்று பங்காளிகள் சம்மதித்துவிட்டார்கள். மற்ற இருவரும் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறார்கள்.