எண்ணிக்கை குறைந்தால் நோய் குறைந்ததாகுமா?

"மீன் தின்கிற ஊர், உப்புக் காற்று, நமக்கெல்லாம் புற்றுநோய் அவ்வளவாக வராது" என்று நம் இராமநாதபுரம் கடற்கரையில் பெருமை பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அதே தெருவில் இரண்டு பேர் நோயில் விழுந்துவிட்டால், "எல்லாம் கருவாட்டால் வந்தது" என்று பேச்சு தலைகீழாகிவிடுகிறது. இரண்டையும் நான் நம்புவதில்லை.

புற்றுநோய் ஊருக்கு ஊர் மாறும் என்பது உண்மை. மிசோரமில் இரைப்பை, கங்கைச் சமவெளியில் பித்தப்பை, அகமதாபாத்தில் வாயும் நாக்கும். சென்னையில் 1982 முதல் புற்றுநோய்ப் பதிவேட்டில் கணக்கு இருக்கிறது. அப்போது பெண்களிடம் முதலிடத்தில் இருந்த கருப்பை வாய்ப் புற்றுநோயை இன்று மார்பகப் புற்றுநோய் முந்திவிட்டது. ஆனால் பதிவேட்டில் ஏறுவது கண்டுபிடிக்கப்பட்ட நோய் மட்டும்தான். உதிரப்போக்கை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, எந்தப் பரிசோதனையும் இல்லாமல் இறந்துபோகும் பெண் அந்தக் கணக்கில் வருவது அரிது. இராமேஸ்வரத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 170 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குப் பயந்தே பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவர்களை நாம் அறிவோம். எனவே எத்தனை பேர் என்பதைவிட எந்தக் கட்டத்தில் கண்டுபிடிக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

பக்கத்துத் திண்டுக்கல்லில் செய்து காட்டியிருக்கிறார்கள். 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியர்கள் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, கருப்பை வாயில் வெளுத்த இடம் தெரிகிறதா என்று கண்ணால் பார்த்தார்கள். ஒரே ஒரு சுற்றுதான். அந்த நோயால் ஏற்படும் மரணம் 35 சதவீதம் குறைந்தது என்று 2007-இல் முடிவு வெளியானது. பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. வாய்ப் புற்றுநோயும் அப்படித்தான், ஆறாத புண்ணையும் வெள்ளைத் திட்டையும் டார்ச் வெளிச்சத்தில் பார்த்துவிடலாம். குட்கா 2013-இலேயே தடை செய்யப்பட்டது. ஆனால் இரவுக் கடலில் தூக்கத்தை விரட்டப் புகையிலையை அடக்கிக்கொள்ளும் பழக்கத்துக்கு யார் தடை போட்டார்கள்?

பரிசோதனை முகாம் நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு கோபம் உண்டு. காலை பத்து மணிக்குப் பந்தல் போட்டால் யார் வருவார்கள்? பாசி எடுக்கும் பெண்கள் கடலில் இருப்பார்கள், மற்றவர்கள் கருவாட்டுக் களத்தில் நிற்பார்கள். பாசிக்குப் போகாத நாள் எது என்று அவர்களிடமே கேட்டுத் தேதி வையுங்கள். ஆண்களைப் பிடிப்பது இன்னும் சுலபம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில் வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கேயே போய் வாயைத் திறக்கச் சொல்லுங்கள்.