அந்தக் கைத்தட்டலைப் பற்றி

ஞாயிற்றுக்கிழமை திரையிடலில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். பேர் சொல்லப் போவதில்லை. பாலஸ்தீன கிராமங்கள் இடிக்கப்படுவதைக் காட்டும் ஆவணப்படம் 'நோ அதர் லேண்ட்' முடிந்து விளக்குப் போட்டதும் மைக்கை வாங்கிய அண்ணன், "என்ன ஒரு மன உறுதி! எவ்வளவு அடித்தாலும் எழுந்து நிற்கிறார்களே, பார்க்கவே தெம்பாக இருக்கிறது" என்றார். கைத்தட்டல். மறுத்துப் பேச எழுந்தால், "தோழர், உணர்ச்சிவசப்படாதீங்க." சரி, இங்கே வந்து உணர்ச்சிவசப்படுகிறேன்.

எதைப் பார்த்து உங்களுக்குத் தெம்பு வந்தது? இஸ்ரேல் ஆக்கிரமித்திருக்கும் மேற்குக் கரையில், ஹெப்ரான் நகருக்குத் தெற்கே இருக்கும் மசாஃபர் யாட்டா கிராமங்களை 1980களில் இஸ்ரேல் ராணுவப் பயிற்சிப் பகுதி என்று அறிவித்தார்கள். ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்து, 2022 மே மாதம் இஸ்ரேலிய உச்ச நீதிமன்றமே மக்களை வெளியேற்ற வழிவிட்டது. புல்டோசர் வருகிறது, வீடு போகிறது. கிணற்றுக்குள் சிமெண்ட் கலவையை ஊற்றுகிறார்கள். குடிதண்ணீர்க் கிணறுங்க! ஜெனரேட்டரைப் பிடுங்க வந்தபோது விடாமல் இழுத்த பையனைச் சுட்டார்கள். உடம்பில் அசைவில்லாமல் குகைக்குள் கிடந்தான், பக்கத்தில் அம்மா. 2023இல் செத்தும் போனான். அந்த அம்மாவிடம் போய் மன உறுதியைப் பாராட்டுவீர்களா? வீட்டை இடித்தார்கள், அதனால் குகையில் இருந்தார்கள். அவ்வளவுதான்.

நான் எட்டாவது படிக்கும்போது அப்பா போனார். அம்மா வாசலில் இட்லி போட்டு விற்றாள். "இரும்பு மனுஷி" என்று சொல்லாத சொந்தக்காரர் கிடையாது. அப்பாவிடம் வாங்கிய கடனைத் திருப்பித் தந்தவரும் கிடையாது. ஒருநாள் மாவாட்டிக்கொண்டே அம்மா சொன்னாள்: "தைரியசாலின்னு சொல்லிட்டா அப்புறம் யாரும் வந்து பார்க்க வேண்டாம்ல." இதையும் அதையும் ஒப்பிடுகிறேனா என்று குதிக்காதீர்கள். ஒப்பிடவில்லை. அந்தப் பாராட்டின் குரல் எனக்குப் பழக்கம், அதைத்தான் சொல்கிறேன்.

"அப்போ அக்டோபர் 7?" என்பீர்கள், 2023இல் ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கிய நாளைச் சொல்லி. அன்று கொல்லப்பட்டவர்களும் மனிதர்கள்தான், அது கொடூரம்தான். ஆனால் பயிற்சிப் பகுதி அறிவிப்பு 1980களில் வந்தது. காலண்டர் பார்க்கத் தெரியும்தானே? "இஸ்ரேலியரும் சேர்ந்து எடுத்த படமாச்சே, அந்த நட்பைப் பாருங்க." பார்த்தேன். இயக்குநர்களில் இஸ்ரேலியரான யுவால் ஆபிரகாமின் காருக்கு இஸ்ரேலிய மஞ்சள் நம்பர் பிளேட், இஸ்ரேலுக்குள்ளும் போய்வரலாம். பாலஸ்தீனரான பாசல் அத்ராவால் முடியாது. இதை அவர்களே படத்தில் பேசுகிறார்கள், நீங்கள்தான் பாப்கார்னில் இருந்தீர்கள். "ஈழத்துக்கு எங்கே போனாய்?" என்பவர் என் டைம்லைனைத் தேடிக்கொள்ளட்டும்.

2025 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கினார்கள். மூன்றே வாரத்தில் இயக்குநர்களில் ஒருவரான ஹம்தான் பல்லாலை, மேற்குக் கரையில் குடியேறிய இஸ்ரேலியர்கள் அவர் ஊரிலேயே அடித்தார்கள், ராணுவம் பிடித்துப் போனது. ஜூலையில், படத்துக்கு உதவிய ஆசிரியர் அவ்தா ஹதாலீன் அதே பக்கத்து உம் அல் கைர் கிராமத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். எழுந்து நிற்கிறார்களாம். அவர் எழவில்லை, அண்ணா.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்தக் குகைக் காட்சியையே போஸ்டராக்கி, 'மீண்டெழல்' என்று தலைப்பும் போட்டிருக்கிறார்கள். என்னை டேக் செய்ய வேண்டாம்.