ஐரோப்பாவுக்கு இரண்டு சாம்பியன்கள் இருந்த வருடம்

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. ஐரோப்பாவில் தனியாக ஒரு லீக் தொடங்கப்போகிறது என்ற பேச்சு எழுந்ததிலிருந்து, கூடைப்பந்து பார்க்கும் நண்பர்கள் பலரும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள். "வரட்டுமே, யூரோலீக் (ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய போட்டி) ஒரு பக்கம் நடக்கட்டும், இது ஒரு பக்கம் நடக்கட்டும், எது நன்றாக இருக்கிறதோ அது நிலைக்கட்டும்" என்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. இதை ஐரோப்பா ஏற்கெனவே ஒருமுறை செய்து பார்த்துவிட்டது. 2000-01 சீசனில்.

அந்த சீசன் எப்படி முடிந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2001 மே 10 வியாழக்கிழமை, இத்தாலியின் பொலோன்யாவில் கிண்டர் அணி ஐரோப்பிய சாம்பியன் ஆனது. மே 13 ஞாயிற்றுக்கிழமை, பாரிஸில் மக்காபி டெல் அவீவ் ஐரோப்பிய சாம்பியன் ஆனது. மூன்று நாள் இடைவெளியில் இரண்டு சாம்பியன்கள். இருவரும் ஒருவரோடு ஒருவர் மோதவே இல்லை.

எப்படி வந்தது இந்த நிலை? ஐரோப்பிய கிளப் சாம்பியன்ஷிப்பை 1958-லிருந்து நடத்தி வந்தது உலகக் கூடைப்பந்து சம்மேளனமான ஃபிபா (கால்பந்தின் ஃபிஃபாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). வீரர்களுக்குச் சம்பளம் கொடுப்பது கிளப்புகள். அரங்கை நிரப்புவது கிளப்புகள். ஆனால் போட்டியின் வடிவம், தொலைக்காட்சி உரிமை, அதில் வரும் பணம் எல்லாவற்றையும் முடிவு செய்வது சம்மேளனம். பெரிய கிளப்புகளுக்கு இது பொறுக்கவில்லை. 2000 கோடையில் ஐரோப்பிய லீக்குகளின் ஒன்றியமான யூலெப்போடு சேர்ந்து தனிப் போட்டி ஒன்றை அறிவித்தார்கள். அதற்குத் தலைமை தாங்கியவர் ஜோர்டி பெர்த்தொமேயு. பெயர் யூரோலீக். வேடிக்கை என்னவென்றால், 1996 முதல் அந்தப் பெயரில் போட்டி நடத்தி வந்ததே ஃபிபாதான். ஆனால் பெயரைப் பதிவு செய்து வைக்கவில்லை. புதியவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள், ஃபிபாவால் தடுக்க முடியவில்லை. கடைசியில் ஃபிபா தன் போட்டிக்கு 'சுப்ரோலீக்' என்று ஒரு பெயரைத் தேடிப் பிடித்தது. நாற்பது வருடமாகப் போட்டி நடத்தியவர்கள் காட்டிய இந்த அலட்சியம் ஒன்று போதும், கிளப்புகளின் கோபத்தில் நியாயம் இருந்தது என்பதற்கு. நான் அன்றைய கிளப்புகளின் பக்கம்தான்.

ஆனால் என்ன விலை கொடுத்தார்கள் என்று பாருங்கள்.

யூரோலீக் பக்கம் போனவர்கள்: ரியல் மாட்ரிட், பார்சலோனா, டாவு செராமிகா, ஒலிம்பியாகோஸ், ஏ.இ.கே. ஏதென்ஸ், பொலோன்யாவின் இரண்டு அணிகள் (கிண்டர், ஃபோர்டிடுடோ), ட்ரெவிசோவின் பெனட்டன், ஸால்கிரிஸ் கௌனாஸ். ஃபிபாவோடு நின்றவர்கள்: அப்போதைய சாம்பியன் பனதினாய்கோஸ், மக்காபி, சி.எஸ்.கே.ஏ. மாஸ்கோ, இஸ்தான்புல்லின் எஃபெஸ், பார்டிசான், ஆல்பா பெர்லின். கிரேக்கத்தின் இரண்டு பெரிய அணிகளான ஒலிம்பியாகோஸும் பனதினாய்கோஸும் ஆளுக்கொரு போட்டியில். நடப்பு சாம்பியனே இல்லாத ஒரு யூரோலீக். ஸ்பெயினின் பெரிய அணிகள் இல்லாத ஒரு சுப்ரோலீக்.

இதில் நான் நெடுநேரம் பேச விரும்புவது கிண்டரைப் பற்றி. கிண்டர் என்பது விளம்பரதாரர் பெயர். கிளப்பின் சொந்தப் பெயர் விர்துஸ். அந்தக் கோடையில் அவர்கள் வீட்டில் ஒரு பெரிய ஓட்டை விழுந்தது. அணியின் உயிர்நாடியாக இருந்த சாஷா டானிலோவிச் 30 வயதில், சீசன் தொடங்கும் நேரத்தில் ஓய்வை அறிவித்துவிட்டார். அந்த இடத்தை நிரப்ப வேண்டியவர், தெற்கு இத்தாலியின் ரெஜ்ஜோ கலாப்ரியாவிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்த 23 வயது அர்ஜென்டினாக்காரர். என்.பி.ஏ. அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 57-வது ஆளாக எடுக்கப்பட்டு, யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாதவர். மனு ஜினோபிலி.

நம்மில் பெரும்பாலோர் ஜினோபிலியை சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் சட்டையில்தான் பார்த்திருப்போம். நானும் அப்படித்தான் அவருக்கு ரசிகன் ஆனேன். பிறகு பழைய பொலோன்யா ஆட்டங்களைத் தேடிப் பார்த்தபோது தெரிந்தது, நாம் அமெரிக்காவில் பார்த்த மனு ஏற்கெனவே முழுதாக உருவாகி வந்தவர். இடது கையால் கூடைக்குள் பாயும் அந்த வளைந்த ஓட்டம், எதிராளி பந்தைக் கடத்தும் முன்பே குறுக்கே நீளும் கை, கடைசி நிமிடங்களில் பந்தைத் தானே கேட்டு வாங்கும் துணிச்சல் எல்லாம் அங்கேயே இருக்கிறது. கூடவே பிரான்சின் அன்டுவான் ரிகோதோ, அதே ஊர் எதிரணியான ஃபோர்டிடுடோவிலிருந்து இழுத்து வரப்பட்ட மார்கோ யாரிச், கூடையடியில் ரஷார்ட் கிரிஃபித், இளம் ஸ்லோவேனியர் மத்யாஸ் ஸ்மோடிஷ். பயிற்சியாளர் எத்தோரே மெஸ்ஸினா. இவ்வளவு கச்சிதமாகக் கூடிவந்த அணிகள் ஐரோப்பாவில் அதிகம் இல்லை என்பது என் கருத்து. அந்த வருடம் இத்தாலிய லீக், இத்தாலியக் கோப்பை, யூரோலீக் மூன்றையும் அவர்களே வென்றார்கள்.

யூரோலீக் அரையிறுதியில் கிண்டருக்கு எதிரே நின்றது அதே ஊர் ஃபோர்டிடுடோ. ஒரே நகரத்தின் இரண்டு அணிகள் ஐரோப்பிய அரையிறுதியில்! அந்தப் பக்கம் சிட்னி ஒலிம்பிக்கில் இத்தாலியின் கொடியை ஏந்திச் சென்ற கார்ல்டன் மயர்ஸும், 1999 ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பின் சிறந்த வீரர் கிரெகோர் ஃபுச்காவும். கிண்டர் 3-0 என்று ஊதித் தள்ளியது.

இறுதிப்போட்டி ஐந்து ஆட்டத் தொடர். இன்றைய யூரோலீக் ரசிகர்களுக்கு இது புதிதாக இருக்கும். ஒரே வார இறுதியில், ஒரே ஊரில் நான்கு அணிகள் மோதும் ஃபைனல் ஃபோர்தான் நமக்குப் பழக்கம். யூரோலீக் என்ற இந்தப் போட்டியில் ஃபைனல் ஃபோர் இல்லாமல், தொடர் ஆட்டங்களில் கோப்பை முடிவானது அந்த ஒரு சீசன்தான். எனக்கு அதுதான் சரியான முறை என்று தோன்றுகிறது. அந்தத் தொடரைப் பார்த்தால் நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

எதிரணி ஸ்பெயினின் விட்டோரியாவிலிருந்து வந்த டாவு. பயிற்சியாளர் டுஷ்கோ இவானோவிச். வீரர்களைப் பிழிந்து எடுப்பார் என்று பெயர் வாங்கியவர். அணியில் இளம் லூயிஸ் ஸ்கோலா, லிதுவேனியாவின் ஸ்டொம்பெர்காஸ், ஆட்டத்தை நடத்த எல்மர் பென்னெட். முதல் ஆட்டத்திலேயே பொலோன்யாவுக்கு வந்து 78-65 என்று கிண்டரைச் சாய்த்தார்கள். ஒற்றை ஆட்டமாக இருந்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும், சீசன் முழுக்க உயர்ந்து நின்ற அணி ஒரு மோசமான இரவால் காணாமல் போயிருக்கும். ஆனால் இரண்டாம் ஆட்டத்தில் கிண்டர் 94-73. மூன்றாவதில், எதிரியின் ஊரிலேயே 80-60. சரி, முடிந்தது என்று நினைக்கும்போது டாவு நான்காவதை 96-79 என்று எடுத்துக்கொண்டது. நாலு ஆட்டத்திலும் வித்தியாசம் இரட்டை இலக்கம். ஒவ்வொரு முறையும் அடி வாங்கிய பயிற்சியாளர் அடுத்த ஆட்டத்துக்கு வேறு ஒரு திட்டத்தோடு திரும்பி வருகிறார். இதெல்லாம் ஒற்றை ஆட்டத்தில் கிடைக்காது. ஐந்தாவது ஆட்டம் பொலோன்யாவில், 82-74. தொடரின் சிறந்த வீரர் ஜினோபிலி.

மூன்று நாள் கழித்து பாரிஸ் பெர்சி அரங்கில் சுப்ரோலீக் முடிவு. மக்காபி 81, பனதினாய்கோஸ் 67. அந்த வெற்றியையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். முந்தைய வருடம் தெஸ்ஸலோனிகியில் அதே பனதினாய்கோஸிடம் இறுதிப்போட்டியில் தோற்றவர்கள் அவர்கள். ஐரோப்பியக் கோப்பையைத் தொட்டு 20 வருடம் ஆகியிருந்தது. பினி கெர்ஷோன் பயிற்சியில் ஆரியல் மக்டொனால்ட், அந்தனி பார்க்கர், கூடையடியில் நேட் ஹஃப்மன். எதிரே பயிற்சியாளர் ஒப்ராடோவிச்சின் அணி, அதில் போடிரோகா, ரெப்ராச்சா. அவர்களை 14 புள்ளி வித்தியாசத்தில் வெல்வது எந்த வருடத்திலும் எளிதல்ல.

பிறகு என்ன செய்தார்கள்? இருவரையும் சமமான சாம்பியன்கள் என்று ஏட்டில் எழுதி வைத்தார்கள். இன்றைக்கும் பட்டியலில் 2001-க்கு நேராக இரண்டு பெயர்கள் இருக்கின்றன. இதைப் பெருந்தன்மை என்று சிலர் சொல்வதைக் கேட்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. அலுவலகத்தில் உட்கார்ந்து சண்டை போட்டவர்கள், அந்தச் சண்டையால் நடக்காமல் போன ஓர் ஆட்டத்தை இரண்டு பெயர்களைப் போட்டு மூடியிருக்கிறார்கள். வீரர்கள் தங்கள் வேலையை முழுதாகச் செய்தார்கள். ஐரோப்பாவில் யார் பெரியவர் என்று களத்தில் காட்டும் வாய்ப்பை அவர்களுக்கு யாரும் கொடுக்கவில்லை.

அடுத்த வருடம் எல்லாம் சரியாகிவிட்டதே என்று கேட்பார்கள். ஆமாம், 2001-லேயே சமரசம் ஆனது. 2001-02-ல் 32 அணிகளோடு ஒரே யூரோலீக். 2002 மே மாதம் பொலோன்யாவில் ஃபைனல் ஃபோர். மக்காபியும் வந்தது, கிண்டரும் வந்தது. அரையிறுதியில் மக்காபியை பனதினாய்கோஸ் தோற்கடித்தது. இறுதிப்போட்டியில் கிண்டரை, அதுவும் அதன் சொந்த ஊரில், 89-83 என்று தோற்கடித்தது. முந்தைய வருடத்தின் இரண்டு சாம்பியன்களையும் ஒரே வார இறுதியில் வீழ்த்தியது, முந்தைய வருடம் பாரிஸில் தோற்றுத் திரும்பிய அணி! ஒரு வருடத்தில் எவ்வளவு மாறிவிடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். 2002-ன் முடிவை வைத்து 2001-ன் கேள்விக்குப் பதில் சொல்லவே முடியாது. அணிகள் தயிர் போல. உறைந்த பதத்தில் எடுக்காமல் விட்டால் மறுநாள் அதே சுவையில் இருக்காது.

கிண்டருக்கு அதற்குப் பிறகு நடந்தது இன்னும் வேதனை. 2002 கோடையில் ஜினோபிலி சான் அன்டோனியோவுக்குப் போனார், யாரிச்சும் என்.பி.ஏ.வுக்குப் போனார். மெஸ்ஸினாவும் கிளம்பிவிட்டார். 2003-ல் சம்பள பாக்கி விவகாரத்தில் அந்தக் கிளப் இத்தாலியின் முதல் நிலை லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. இரண்டு வருடம் முன்பு மூன்று கோப்பை வென்ற கிளப்!

இன்னொரு இழப்பும் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. அந்த சீசனில் பார்சலோனாவில் 20 வயது பாவ் கசோல். சி.எஸ்.கே.ஏ.வில் ஏறக்குறைய அதே வயது ஆந்த்ரேய் கிரிலென்கோ. 2001 இலையுதிர்காலத்தில் இருவரும் என்.பி.ஏ.வில் ஆடிக்கொண்டிருந்தார்கள். கிளம்பும் முன் ஐரோப்பியக் களத்தில் இந்த இரண்டு இளைஞர்களின் அணிகளும் மோதுவதைப் பார்க்க, அந்த வருடம் ஐரோப்பிய ரசிகனுக்கு வழியே இல்லாமல் போனது.

இப்போது என்.பி.ஏ. விஷயத்துக்கு வருகிறேன். 2025 மார்ச்சில் என்.பி.ஏ. ஆணையர் ஆடம் சில்வரும் ஃபிபாவின் பொதுச் செயலாளர் ஆந்த்ரேயாஸ் ஸாக்லிஸும் ஒன்றாக உட்கார்ந்து, ஐரோப்பாவில் புதிய லீக் தொடங்குவதை ஆராய்கிறோம் என்றார்கள். 16 அணிகள், அதில் 12 நிரந்தரம் என்பது அப்போது சொன்ன வடிவம். இந்த முறை ஃபிபா அந்தப் பக்கம் நிற்கிறது. 2000-ல் கலகம் செய்த யூரோலீக் இன்று பழைய அரண்மனை ஆகிவிட்டது. யூரோலீக்கிலும் குறை இல்லாமல் இல்லை. நிரந்தர உரிமம் வைத்திருக்கும் கிளப்புகளின் மூடிய வட்டம் அது. 2016-ல் ஃபிபா சாம்பியன்ஸ் லீக் என்று இன்னொரு போட்டி தொடங்கியது. 2017 முதல் தேசிய அணிகளின் தகுதிச் சுற்று சீசனுக்கு நடுவே வருகிறது, தொடக்கத்தில் யூரோலீக் அதற்காக ஆட்டங்களை நிறுத்தவில்லை. சொந்த நாட்டுக்கு ஆட முடியாமல் வீரர்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். ஏற்கெனவே கிழிந்திருக்கும் துணியை இன்னும் கிழிக்கத்தான் போகிறார்கள் என்பது என் பயம்.

பிளவு நடந்ததால்தானே நவீன யூரோலீக் பிறந்தது என்று ஒரு நண்பர் வாதிட்டார். உண்மை. ஆனால் சமரசம் வந்தது ஒரு வருடம் மோதிய பிறகு. மேஜையில் உட்கார்ந்து 2001-ல் பேசியதை 2000-லேயே பேசியிருக்கலாம். நடுவில் போன அந்த ஒரு சீசன் நிர்வாகிகளுக்குப் பேரம் பேச உதவிய ஆயுதம், ஜினோபிலிக்கும் ஹஃப்மனுக்கும் திரும்ப வராத வருடம். என்.பி.ஏ. வரட்டும், பணம் போடட்டும், ஆனால் யூரோலீக்கோடு ஒரே அட்டவணைக்குள் வரட்டும். அந்த ஒப்பந்தம் ஆகும்வரை ஒரு பந்துகூட மேலே எறியப்படக் கூடாது.

சரி, அந்த 2001 மே மாதம் கிண்டரும் மக்காபியும் மோதியிருந்தால்? ஒற்றை ஆட்டம் என்றால் நான் மக்காபி என்பேன். ஹஃப்மனின் உயரத்துக்கு ஒரு இரவுக்குள் விடை கண்டுபிடிப்பது கிரிஃபித்துக்குக் கஷ்டம், மக்டொனால்டின் கை சூடாகிவிட்டால் நிறுத்தவும் முடியாது. ஐந்து ஆட்டத் தொடர் என்றால் கிண்டர், 3-2. பார்க்கரை ஜினோபிலி முதல் இரண்டு ஆட்டத்தில் படித்துவிடுவார். மூன்றாவதிலிருந்து பார்க்கர் பந்தைக் கடத்தும்போதெல்லாம் குறுக்கே ஜினோபிலியின் கை இருக்கும். டாவுக்கு எதிராக மெஸ்ஸினா செய்ததும் அதுதான். உங்கள் கணக்கு வேறாக இருந்தால் கீழே எழுதுங்கள், காரணத்தோடு.