போனை விட்டு வெளியே போகாவிட்டால் போதுமா?
பலருடைய போன்களிலேயே ஒரு ஏ.ஐ. மாடலுக்குப் பயிற்சி கொடுக்கும் ஃபெடரேட்டட் லேர்னிங் முறை பற்றிய உங்கள் கட்டுரையில், "தரவு போனை விட்டு வெளியே போவதே இல்லை, அதனால் கசிய வழியே இல்லை" என்று இருப்பதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. படமும் எழுத்தும் போனிலேயே இருக்கும், சரி, ஆனால் அதிலிருந்து போன் கற்றுக்கொண்டு மாடலில் செய்த திருத்தம் சர்வருக்குப் போகத்தானே செய்கிறது? அந்தத் திருத்தத்தை மட்டும் வைத்தே மூலப் படத்தை மீட்டெடுக்க முடியும் என்று எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2019-லேயே செய்து காட்டிவிட்டார்கள். இந்த மாதிரி கசிவைத் தடுக்கத்தான், அதற்கு முன்பே, ஒவ்வொரு போனும் தன் திருத்தத்தோடு ஒரு ரகசிய எண்ணைக் கூட்டி, இன்னொரு போன் அதே எண்ணைக் கழித்து, கடைசியில் மொத்தக் கூட்டுத்தொகை மட்டும் சர்வருக்குத் தெரிகிற முறையை கூகுள் ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்டார்கள். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அப்புறம், போன் அவ்வளவு பத்திரமான இடமா என்ன? எங்களுக்கு மன்னார்குடி பக்கம், வீட்டுக்கே ஒரு ஸ்மார்ட்போன்தான், அப்பாவின் ஆதார், சிட்டா, பாஸ்புக் படம் எல்லாம் அதில்தான் கிடக்கின்றன. போன தை மாதம் சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்துக்கு ஆன்லைனில் பதிய வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் சென்டர் பையனிடம் லாக் எடுத்த போனைக் கொடுத்துவிட்டு அப்பா வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார், ஓடிபி வந்ததும் அந்தப் பையனே பார்த்து அடித்துக்கொண்டான், முக்கால் மணி நேரம் போன் அவன் கையில். அவன் நல்ல பையன்தான், ஆனால் கேலரி முழுக்கத் திறந்து கிடந்தது. டெல்டாவில் பாதி வீட்டு நிலவரம் இதுதான், இதையும் கணக்கில் எடுத்து அடுத்த பகுதியை எழுதுங்கள்.